மொட்டை மாடியில் எங்கள் வீட்டு முறை

என் மகள் ஜெனி இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து சமையலறை வரை போகிறாள். போய், அங்கே நாற்காலியில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்கிறாள். ஒரே மூச்சில் கேட்கிறாள் என்பதை நான் மட்டும் கவனிக்கிறேன். என் மனைவி ஸ்டெல்லா குழம்பைப் பற்றிப் பதில் சொல்கிறாள்.

எங்கள் பகுதிக் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் ஒருவர் என்னிடம் இதை எழுதச் சொன்னார். அவருடைய அக்கா பையனுக்கும் இதே நோய் வந்திருக்கிறதாம். பெற்றவர்கள் மிரண்டு போயிருக்கிறார்களாம். நானும் இன்னும் மிரட்சி தெளியாதவன்தான். லிஃப்டுக் கதவு திறக்கும் சத்தம் எங்கே கேட்டாலும் ஆஸ்பத்திரி ஞாபகத்தில் இப்போதும் எழுந்து நின்றுவிடுகிறேன். ஆனாலும் எழுதுகிறேன்.

ஜெனிக்குப் பத்தொன்பது வயது. பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். ஜூன் மாதத்தில் அவளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து நான்கைந்து நாளில் சரியானது. பானிபூரிதான் காரணம் என்று முடிவு செய்து அதோடு விட்டுவிட்டோம். இரண்டு வாரம் கழித்து, பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்றாள். புதுச் செருப்பு கடித்திருக்கும் என்றேன். மறுநாள் கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. இரத்தம் குறைவு என்று ஸ்டெல்லா பேரீச்சம்பழம் கொடுத்தாள். அதற்கு அடுத்த நாள் காலையில் குளியலறை முக்காலியிலிருந்து அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. உள்ளேயிருந்து அம்மா அம்மா என்று கூப்பிட்டாள்.

முகப்பேரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து டாக்டர் ரப்பர் சுத்தியலால் அவள் முழங்காலில் தட்டினார். கால் உதறவில்லை. மறுபடி தட்டினார். இன்னொரு காலிலும் தட்டிப் பார்த்துவிட்டுச் சுத்தியலை மேசை மேல் மெதுவாக வைத்தார். வீட்டுக்குக்கூடப் போகாமல் நரம்பு மருத்துவர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள் என்றார்.

போனோம். சென்னீர்குப்பம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். கை கால்களில் சின்னச் சின்னதாக மின்சாரம் பாய்ச்சி, நரம்பு அதைக் கடத்துகிறதா என்று பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் துள்ளினாள். நான் வெளியே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா எங்களைத் தன் அறையில் உட்கார வைத்துச் சொன்னார். இதற்கு ஜி.பி.எஸ். என்று பெயர். ஏதோ ஒரு கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் காவல் படை, ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளையே அடிக்கிறது. மின்கம்பியின் மேல் இருக்கிற உறை உரிந்து போனால் கம்பியில் மின்சாரம் சரியாகப் போகாது இல்லையா, அந்த மாதிரி. நரம்பு அறுந்து போகவில்லை, உறை திரும்ப வளரும், ஆனால் நாளாகும்.

"இப்ப கால்ல இருக்கு. இன்னும் மேல ஏறும். கைக்கு வரும். மூச்சு விடுற தசைக்கும் வரலாம். எங்க நிக்கும்னு என்னால இப்ப சொல்ல முடியாதும்மா" என்று ஸ்டெல்லாவைப் பார்த்துச் சொன்னார்.

மூச்சுத் தசைகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. ஆழமாக மூச்சை இழுத்து, அந்த ஒரே மூச்சில் ஒன்று இரண்டு மூன்று என்று எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பது. முதல் நாள் ஜெனி சிரித்துக்கொண்டே முப்பதைத் தாண்டினாள். மறுநாள் இருபதுக்கு வரவில்லை. அதற்கப்புறம் நர்ஸ் அந்தச் சோதனைக்கு வரும்போதெல்லாம் நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருப்பவன். யாரிடம் எப்படிப் பேசினால் எந்தப் பொருள் எத்தனை நாளில் வந்து இறங்கும் என்று அறிந்து பிழைக்கிறவன். என் மகளுக்கு இன்னும் ஒரு எண் கூடுதலாக வாங்கிக் கொடுக்க யாரிடம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தபோது ஏழு என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கே வாய் வழியாகக் குழாய் விட்டு வெண்டிலேட்டரில் போட்டார்கள்.

அதற்கு முன்பே மருந்து தொடங்கிவிட்டிருந்தது. இம்யூனோகுளோபுலின் என்று பெயர். சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் வரும், சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். விலை எங்கள் கைக்கு மீறியது. காப்பீடு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. ஆபீஸ் சொசைட்டி கை கொடுத்தது. ஸ்டெல்லாவின் அண்ணன் கேட்காமலே அனுப்பினார். பணத்தைப் பற்றி அவ்வளவு போதும். அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று டாக்டரம்மா சொன்னதுதான் மனதில் தங்கிவிட்டது. அதைத் தொழிற்சாலையில் கலக்கிச் செய்ய முடியாதாம். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்து எடுத்து வைப்பார்களாம். ஜெனிக்கு எறும்பு ஊர்வதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்னால், யாரோ எங்கேயோ கையை நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஐ.சி.யு.வுக்கு வெளியே ஒரு கூடம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். மற்ற நேரமெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியும், சத்தம் அடைக்கப்பட்ட டி.வி.யும்தான். எனக்கு அடுத்த நாற்காலியில் ஆவடிக்காரர் முருகேசன். ஆட்டோ ஓட்டுபவர். அவருடைய தம்பி பைக்கிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு உள்ளே இருந்தான். முதல் நாளே முருகேசன் எனக்குப் பாடம் எடுத்தார். "சார், அவுங்க கூப்ட்டாங்கோன்னா ஓடாத. நடந்து போ. ஓடினா நெஞ்சு அட்ச்சிக்கும், அப்பால அவுங்க சொல்றது காதுல ஏறாது." காலையில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவார். நான் குடிக்காமல் வைத்திருந்தால், பொண்ணு வந்து கேட்டா நான் இன்னா சொல்றது என்று திட்டுவார்.

ஜெனியால் கண்ணிமையைத் தவிர எதையும் அசைக்க முடியவில்லை. அறிவு முழுக்கத் தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை. ஆமாம் என்றால் ஒரு சிமிட்டல், இல்லை என்றால் இரண்டு. வலிக்குதா? ஒன்று. அம்மாவைக் கூப்பிடவா? இரண்டு. பயமா இருக்கா? இந்தக் கேள்விக்கு அவள் சிமிட்டவே இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழாய் இன்னும் நாள்படக் கிடந்தால் தொண்டையில் சின்னத் துளை போட வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லி வைத்தார்.

அந்த வாரத்தில் ஒரு மாலை எங்கள் பங்கின் இளம் உதவிப் பங்குத்தந்தை வந்தார். தோளில் சின்னப் பை. ஐ.சி.யு. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் பையைத் திறந்து, கழுத்தில் போடும் ஊதாப் பட்டையையும் ஒரு சிறிய எண்ணெய்ச் சிமிழையும் எடுத்தார்.

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நான் திண்டுக்கல் பக்கத்துக்காரன். என் சின்ன வயதில் அதற்கு அவஸ்தைப் பூசுதல் என்றுதான் பெயர். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு ஒரு வீட்டுக்குள் போனார் என்றால் அந்தத் தெருவில் உலை வைக்க மாட்டார்கள். அவர் வெளியே வருவதற்குள் சவப்பெட்டி செய்கிறவருக்கு ஆள் போய்விடும். இப்போது அதற்கு நோயில் பூசுதல் என்று பெயர், நோயாளி தேறுவதற்காகத்தான் தருகிறார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நான் கோயிலுக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. என் ஒரே தம்பி இதே போல ஒரு ஐ.சி.யு.வில் கிடந்தபோது குடும்பமே ஒன்பது நாள் நவநாள் செபம் சொன்னோம். அவனைப் புதைத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவன், அடுத்த ஞாயிறு கோயிலுக்கு எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். சண்டை ஒன்றும் போடவில்லை. நின்றுவிட்டேன், அவ்வளவுதான். ஸ்டெல்லாவையும் ஜெனியையும் தடுத்ததில்லை. வீட்டுக்குள் மட்டும் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

எண்ணெயைப் பார்த்ததும், டாக்டர்கள் எங்களுக்குச் சொல்லாததை அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். கதவை மறித்து நின்றேன்.

"எம்பொண்ணு சாகல ஃபாதர். நீங்க போங்க."

ஸ்டெல்லா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் உதறினேன். கூடமே திரும்பிப் பார்த்தது. அந்த இளைஞர் முகம் சிவந்துவிட்டது. பட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்கய்யா. நான் கீழ இருக்கேன்" என்றார்.

போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஸ்டெல்லா அன்று என்னோடு பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸிலிருந்து ஆளுக்கொரு பக்கமாகத் தின்றோம். அப்போதுதான் ஜெனிக்குக் காய்ச்சல் ஏறத் தொடங்கியது. குழாய் வழியாக நுரையீரலில் கிருமி சேர்ந்திருக்கலாம் என்றார்கள். அரைமணிக்கொரு தரம் நான் போய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்து நிற்பேன். அங்கிருந்து அவள் கட்டிலின் கால்மாடு மட்டும் தெரியும். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்கள். அவை அசையாது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து முருகேசன் கீழே போய்விட்டு டீயோடு வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"இன்னா சார் நீ. உன் சாமியாரு கீழ குந்திகினு கீறாரு. ஜூஸ் கடையாண்ட அதே சேரு. டெய்லி சாய்ந்தரம் வந்துகினு கீறாரு. மேல வரலயான்னு கேட்டேன், கூப்ட்டா வருவேன்றாரு. போலீசு கூட இவ்ளோ நேரம் நிக்க மாட்டான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. எதற்காகக் காத்திருக்கிறார், எதை எதிர்பார்த்து என்று தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் பிலோமினா அக்கா வந்தார். எங்கள் குடியிருப்பில் அடுத்த பிளாக்கில் இருப்பவர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பகுதி அன்பியத்தின் பொறுப்பாளர். அன்பியம் என்றால், பங்கில் அக்கம்பக்கத்துப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்த குழு. மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். கூட்டம் முடிந்ததும் மாதா சுரூபத்தை, ஒரு சின்னச் சிலையை, அந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த வீட்டின் முறை வரும் வரை மாதா அங்கேதான் இருப்பார். அக்கா ஒரு தூக்குவாளியைத் திறந்தார். கொண்டைக்கடலைச் சுண்டல்.

"சாப்பிடு தம்பி. இன்னைக்கு உங்க வீட்டு முறை."

எங்கள் வீட்டுக்கு ஏது முறை, நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேனே என்றேன்.

"நீ வேணாம்னு சொன்னது வீட்டுக்குள்ள. முறையை யாரு எடுத்தா? ஜூலைன்னா உங்க வீடுதான். வருஷா வருஷம் உங்க வீட்டு மொட்டை மாடியிலதான வைக்கிறோம்."

நாங்கள் இருப்பது மேல் தளம். தலைக்கு மேலே மொட்டை மாடிதான். ஜூலையில் ஒரு ஞாயிறு மாலை மேலே நாற்காலி இழுக்கும் சத்தமும், பலபேர் முணுமுணுக்கிற சத்தமும் வரும். நான் டி.வி.யைக் கூட்டி வைப்பேன். ஒரு வருஷம் குடியிருப்புச் சங்கச் செயலாளரைப் பிடித்து, யார் சார் இப்படி நாற்காலியை இழுக்கிறது என்று புகார்கூடச் சொன்னேன். ஏதோ பஜனை சார், ஒரு மணி நேரம் பொறுத்துக்குங்க என்றார் அவர். அன்றைக்கென்று பார்த்து ஸ்டெல்லா காய்ந்த துணி எடுக்க வாளியோடு மேலே போவாள், இறங்கி வர நேரமாகும். காலையிலிருந்து கொண்டைக்கடலை ஊறிக்கொண்டிருக்கும். மூன்று பேருக்கு எதற்கு இவ்வளவு என்று ஒரு முறை கேட்டிருக்கிறேன். கீழ்வீட்டுக்குக் கொடுக்கணும் என்றாள்.

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ சுரூபம்?" என்று அக்காவிடம் கேட்டேன். பதில் ஸ்டெல்லாவிடமிருந்து வந்தது.

"நம்ம வீட்டுலதாங்க. ஒரு மாசமும் பீரோவுல, என் புடவைக்குள்ள."

ஆறு வருஷம். வருஷத்தில் ஒரு மாதம் நான் ஆபீஸுக்குச் சட்டை எடுக்கிற பீரோவின் அடுத்த கதவுக்குள் மாதா இருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியவனுக்கு அது வேறு எதுவாகவோ மாறி, முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். பிலோமினா அக்கா என் முதுகில் கை வைத்தார். சுண்டலைச் சாப்பிடு, உப்பு சரியா இருக்கா சொல்லு என்றார். உப்பு கொஞ்சம் கூடுதல்தான்.

நான் விட்டுவிட்டு வந்த இடம் மூடிப்போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். என் தலைக்கு மேலேயே அதற்கு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். திரும்பி வருவேனா மாட்டேனா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் கடலை ஊறிக்கொண்டிருந்தது. கடவுளைப் பற்றி எனக்கு அதிகம் பேசத் தெரியாது. அவர் பொறுமையானவர் என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்திருக்கிறேன். பொறுமை என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே போனேன். ஜூஸ் கடைக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் இறங்கி வந்தேன். "வாங்க ஃபாதர்" என்று மட்டும் சொன்னேன். லிஃப்டில் போகும்போது அவர்தான், இது தேறணும்னு வேண்டிப் பூசுறதுங்கய்யா, ஆபரேஷனுக்கு முன்னாடி எங்கப்பாவுக்கே பூசினாங்க, இப்ப வயல்ல நிக்கிறார் என்றார்.

நர்ஸிடம் கேட்டதும் எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். ஜெனியின் காதருகே குனிந்து, ஃபாதர் வந்திருக்கார், பூசட்டுமா என்று கேட்டேன். ஒரு சிமிட்டல். உடனே, பளிச்சென்று. அவள் நெற்றியிலும் அசையாத இரண்டு உள்ளங்கைகளிலும் அவர் எண்ணெய் பூசினார். செபத்தின் முடிவில் ஆமென் சொல்ல வேண்டிய இடம் வந்தது. அவளால் சொல்ல முடியாது. நான் சொன்னேன். அவளுக்காகச் சொன்னேனா எனக்காகச் சொன்னேனா தெரியாது.

உடனே அற்புதம் நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. மறுநாள் காய்ச்சல் இன்னும் ஏறியது. மருந்தை மாற்றினார்கள். நான் அதே கண்ணாடியில் நெற்றியை வைத்து, அதே பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையாலாகாத நிலை அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் ஆள் இருந்தது என்பது மட்டுமே வித்தியாசம். அந்த நாட்களில்தான் முருகேசனைக் கூப்பிட்டார்கள். அவர் ஓடவில்லை, எனக்குச் சொன்னபடியே நடந்து போனார். திரும்பி வந்து தம்பியின் செருப்பு இருந்த பையை எடுத்துக்கொண்டு, "உன் பொண்ணு எய்ந்து வரும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் தம்பியை, அவர் தம்பியை, ஏன் அப்படி, ஏன் ஜெனியை இப்படி என்பதற்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. பதில் கிடைத்துத் திரும்பி வந்தவன் இல்லை நான்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஒரு நாள் காலையில், போர்வைக்கு வெளியே இடது பாதத்தின் கட்டைவிரல் அசைந்தது. என் கண்தான் அசைகிறதென்று நினைத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். தொண்டையில் துளை போடாமலே குழாயை எடுத்தார்கள். அவள் முதலில் தண்ணீர் கேட்டாள். அடுத்ததாக, கரகரத்த குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கி, "நீங்க அன்னைக்கு... கதவுல சண்டை போட்டது... எனக்குக் கேட்டுதுப்பா. ஒரு தடவை... ஒரு தடவையா... சிமிட்டிக்கிட்டே இருந்தேன். அப்போ நீங்க உள்ள வரவே இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்து சில வாரங்கள் ஆகியிருந்தபோது பிலோமினா அக்கா கதவைத் தட்டினார். ஆகஸ்டு வீடு, செப்டம்பர் வீடு எல்லாம் முடிந்துவிட்டன. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்ததால் உங்கள் ஜூலை மட்டும் பாக்கி இருக்கிறது, எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். போன ஞாயிறு மாலை வைத்துக்கொண்டோம். நாற்காலிகளை மாடியிலிருந்து நானே இறக்கினேன். இழுக்காமல் தூக்கி வந்தேன். சங்கச் செயலாளர் படிக்கட்டில் பார்த்துவிட்டு, பஜனை கீழ வந்துடுச்சா சார் என்றார். மாதா இந்த முறை பீரோவுக்குள் போகாமல் டி.வி. ஸ்டாண்டின் மேல் நின்றார். போன வருஷம் பீரோவில் ஏறிய அந்துருண்டை மணம் இன்னும் போகவில்லை.

செபமாலையில் 'அருள் நிறைந்த மரியே' என்கிற செபம் ஒவ்வொன்றையும் ஒருவர் தொடங்குவார். பாதியில் அவர் நிறுத்த, மீதியை மற்றவர்கள் சேர்ந்து முடிப்பார்கள். முதலாவதை வீட்டு ஆட்கள் சொல்வது எங்கள் அன்பியத்தில் வழக்கம். ஜெனி நான் சொல்றேன் என்றாள். வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மூச்சை இழுத்தாள்.

நான் செபத்தைக் கேட்கவில்லை. மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கேயாவது அறுபடுகிறதா, எங்கேயாவது நின்று இழுக்கிறதா என்று. அறுபடவில்லை. தன் பாதியை ஒரே மூச்சில் கடைசி வார்த்தை வரை சொல்லி நிறுத்தினாள்.

பிலோமினா அக்கா வாயைத் திறக்கவில்லை. ஸ்டெல்லாவும் திறக்கவில்லை. எல்லோரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவசரப்படுத்த யாருமில்லை.

என் பாதியை நான் சொன்னேன்.